கொல்லைத் தொட்டி ஆமை சாப்பிடாமல் விடியவிடிய சுவரைப் பிறாண்டுகிறது, என்ன செய்வது?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டி ஓர் ஆமை வளர்க்கிறோம், கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்குமே, ரெட் இயர்டு ஸ்லைடர் என்று வண்ணமீன் கடைகளில் விற்பார்களே, அதுதான். தம்பி கல்லூரியில் சேர்ந்த புதிதில் உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக வாங்கி வந்தான், இப்போது அவனுக்கே கல்யாணம் ஆகிவிட்டது, ஆமையின் ஓடு ஒரு சாணுக்கு மேல். இத்தனை வருஷத்தில் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. கொஞ்ச நாளாகத்தான் சரியில்லை. தீனி போட்டால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. கல் மேல் ஏறி வெயில் காய்வதும் குறைந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் தொட்டியின் ஒரே மூலையில் நின்று சுவரைப் பிறாண்ட ஆரம்பிக்கிறது, ராத்திரி முழுக்க அந்தச் சத்தம்தான். ஒரு நாள் எப்படியோ ஏறி வெளியே வந்து வாழைக்கன்றுக்கு அடியில் கிடந்தது. மாமியார் "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்" என்று ஆரம்பித்துவிட்டார். உடம்புக்கு ஏதாவதா, இல்லை கூண்டு வாழ்க்கை வெறுத்துவிட்டதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலம்மாடி:
வெயில்தான் அக்கா. பங்குனி பிறந்துவிட்டது இல்லையா. எங்கள் தெருவில் ஒருவர் சின்டெக்ஸ் டேங்கைப் பாதியாக அறுத்து மாடியில் வைத்து ஆமை வளர்க்கிறார், கறுப்பு பிளாஸ்டிக், மத்தியானம் கை விட்டால் சுடும். அந்த ஆமையும் இப்படித்தான் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும், வாயைத் திறந்து திறந்து மூடும். நிழல் போட்டதும் அடங்கியது. முதலில் தண்ணீரில் தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள்.

தெம்பனிஸ்வாசி:
ஆண் ஆமையா பெண் ஆமையா என்று சொல்லவில்லையே? முன்னங்கால் நகத்தைப் பாருங்கள். ஆணுக்கு முன்னங்கால் நகம் மட்டும் நீளமாக, வாலும் தடிமனாக நீளமாக இருக்கும். பெண்ணுக்கு நகம் குட்டை, வாலும் குட்டை, ஆனால் உடம்பு பெரிது. ஒரு சாணுக்கு மேல் என்கிறீர்கள், எனக்குப் பெண் என்றுதான் படுகிறது.

பசுமைராஜ்:
ஒன்றும் யோசிக்க வேண்டாம், குடற்புழுவாகத்தான் இருக்கும். எங்கள் நாய்க்கு ஐவர்மெக்டின் போட்டோம், ஒரே ஊசியில் சரியாகிவிட்டது, தீனியும் எடுக்க ஆரம்பித்தது. எடையைப் பார்த்து அதையே குறைத்துப் போடலாம்.

கால்நடைமாணவி:
பசுமைராஜ் அண்ணா, தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு விஷம். நாய், மாடு, ஆட்டுக்குப் போடுகிற மருந்துதான், ஆனால் ஆமையில் அது நரம்பு மண்டலத்துக்குள் போய்க் கை கால் செயலிழந்து செத்துப்போகும். அளவைக் குறைத்துப் போட்டாலும் சரி, போடவே கூடாது. ஆமைக்குப் புழு இருக்கிறது என்று மலத்தைப் பரிசோதித்துத் தெரிந்தால் அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

வைகைக்கரை அக்கா, நான் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறேன், மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிடாமல் இருப்பது, ஏறப் பார்ப்பது என்று வெறும் நடத்தையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆமை சாப்பிடாததற்கு இருபது காரணம் இருக்கும். வெளியே வளர்கிற ஆமை என்றால் தண்ணீர், வெயில், பருவம் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் சில கேள்விகள். தண்ணீரின் சூடு காலையிலும் மத்தியானமும் எவ்வளவு? நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறதா? மூக்கில் குமிழி, கண்ணில் வீக்கம் இருக்கிறதா? பிறாண்டுவது முன்னங்காலாலா பின்னங்காலாலா? வெளியே வந்து கிடந்த இடத்தில் மண் கிளறியிருந்ததா?

வைகைக்கரை:
தெர்மாமீட்டர் பக்கத்து வீட்டு மீன் தொட்டியிலிருந்து வாங்கிவந்து போட்டேன். காலையில் 26, மத்தியானம் இரண்டு மணிக்கு 29. தொட்டிக்கு மேல் வேப்பமரம் இருப்பதால் சூடு ஏறவில்லை போலிருக்கிறது. நகம் குட்டையாகத்தான் இருக்கிறது, வாலும் சின்னது. கண் தெளிவாக இருக்கிறது, மூக்கில் ஒன்றுமில்லை, நேராகத்தான் நீந்துகிறது. சுவரைப் பிறாண்டுவது முன்னங்கால். ஆனால் நீங்கள் கேட்டபிறகு வாழைக்கன்றுப் பக்கம் போய்ப் பார்த்தேன், இரண்டு மூன்று இடத்தில் சின்னச் சின்னக் குழி. நாய் தோண்டியது என்று நினைத்திருந்தோம்.

கால்நடைமாணவி:
அப்படியென்றால் முட்டை. எழுபது எண்பது சதம் என்று சொல்லலாம், மீதி எக்ஸ்ரே எடுத்தால்தான்.

பசுமைராஜ்:
ஒரே ஆமைதானே இருக்கிறது, ஆண் ஆமை எங்கே? ஜோடி இல்லாமல் முட்டை எப்படி?

தெம்பனிஸ்வாசி:
முட்டைப் பண்ணையில் கோழி சேவலைப் பார்த்தா முட்டை போடுகிறது அண்ணே? அதே கதைதான். பெண் ஸ்லைடர் வயதுக்கு வந்துவிட்டால் ஆண் இல்லாவிட்டாலும் முட்டை உருவாகும், கரு மட்டும் இருக்காது. இன்னொன்று, முன்பு எப்போதாவது ஆணோடு இருந்திருந்தால் அந்த விந்தை உடம்பிலேயே நெடுநாள் வைத்திருந்து பிறகு கருவுள்ள முட்டையும் போடும்.

டாலஸ்தமிழன்:
இந்த இழையைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் உங்கள் ஊரில் தொட்டியில் இருக்கிற இந்த ஆமைக்கு இதுதான் சொந்த ஊர். மிசிசிப்பி ஆற்றுப் படுகை முழுக்க, டெக்சாஸ் வரை, ஓடை, குட்டை, ஏரி எல்லாவற்றிலும் இருக்கும். டாலஸில் ஒயிட் ராக் ஏரிப் பக்கம் நடக்கப்போனால் விழுந்து கிடக்கிற மரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், பின்னங்காலை நீட்டி விரலை விரித்துக்கொண்டு. முதல் முறை பார்த்தவர்கள் கால் ஊனம் என்று நினைப்பார்கள். வெயில் படுகிற பரப்பைக் கூட்டுவதற்காக அப்படி விரிக்கிறது, அவ்வளவுதான்.

மே, ஜூன் வந்தால் பெண் ஆமைகள் ஏரியை விட்டு ரோட்டைக் கடந்து, புல்வெளி, வீட்டுத் தோட்டம் என்று போய்க்கொண்டே இருக்கும். தண்ணீரிலிருந்து நல்ல தூரம். நடுவில் நின்று மண்ணை முகரும், பின்னங்காலால் தோண்டும், பிடிக்கவில்லையா, விட்டுவிட்டு அடுத்த இடம். இடம் சரியாக அமைந்தால் மூத்திரப்பையில் சேர்த்து வைத்த தண்ணீரை மண்ணில் விட்டு இளக்கிக்கொள்ளும், அப்புறம் குழி, முட்டை, மறுபடி மண்ணை மூடித் தேய்த்துவிட்டுப் போய்விடும். திரும்பிக்கூடப் பார்க்காது. உங்கள் ஆமை சுவரைப் பிறாண்டுவது இந்த நடைதான், நாலு பக்கமும் சிமெண்ட் இருப்பதால் நடக்க முடியவில்லை.

சேலம்மாடி:
சரி, என் வெயில் கதை இங்கே பொருந்தவில்லை போலிருக்கிறது. ஆனால் பொதுவாக எத்தனை டிகிரி வரை தாங்கும்? அந்த மாடிக்காரரிடம் சொல்ல வேண்டும், சித்திரை வெயில் வரப்போகிறது.

கால்நடைமாணவி:
தண்ணீர் 24இலிருந்து 28க்குள் இருப்பது நல்லது. ஏறி உட்காருகிற கல் 35 வரை சுடலாம், ஏனென்றால் சுட்டால் குதித்துவிடும். குதிக்கிற தண்ணீரே 35 ஆகிவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை, அதுதான் ஆபத்து. ஆமைக்கு வியர்க்காது, உடம்பின் சூட்டை இடம் மாறித்தான் சரிசெய்யும். மாடி என்றால் தொட்டியில் பாதிக்காவது நிழல் வலை கட்டச் சொல்லுங்கள், தண்ணீர் ஆழமாக இருக்கட்டும். பாலிகார்பனேட் ஷீட் போட வேண்டாம், வெளிச்சம் உள்ளே வரும், புற ஊதாக் கதிர் வராது, கண்ணாடியும் அப்படியே. அந்தக் கதிர் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும், அது இருந்தால்தான் சாப்பிடுகிற கால்சியம் ஓட்டில் சேரும். வெளியே வளர்ப்பதால் கிடைக்கிற பெரிய லாபமே அதுதான், அதைக் கூரை போட்டுத் தடுத்துவிட்டால் வீட்டுக்குள் வளர்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

வைகைக்கரை:
அப்படியானால் இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? ஊசி போட்டு முட்டையை வெளியே எடுக்கலாம் என்று இணையத்தில் பார்த்தேன். சீக்கிரம் முடிந்துவிடும் என்றால் அதையே செய்துவிடலாமா?

ஓய்வுமாஸ்டர்:
அவசரப்படாதே அம்மா. நான் நாற்பது வருஷம் விலங்கியல் பாடம் நடத்தியவன், வீட்டிலும் இதே ஜாதி ஒன்று வைத்திருக்கிறேன். நல்ல மண் கிடைக்காதவரை முட்டையை அடக்கி வைத்துக்கொண்டு இடம் தேடும், சிலது வாரக்கணக்கில். ரொம்ப நாள் அடக்கினால்தான் சிக்கல், முட்டை தங்கிப்போய் ஆமை சோர்ந்துவிடும். நீ முதலில் இடம் கொடு. ஊசி என்பது இடம் கொடுத்தும் போடவில்லை என்றால் யோசிக்க வேண்டியது.

தொட்டிக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி ஒரு பாத்தி கட்டு. ஆற்று மணலும் தோட்ட மண்ணும் சமமாகக் கலந்து, ஓட்டின் நீளத்துக்குக் குறையாத ஆழம், ஒரு அடி போட்டுவிட்டால் கவலை இல்லை. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், அந்த அளவு ஈரம். காய்ந்த மணலில் குழி சரிந்து சரிந்து விழும், ஆமை வெறுத்துப்போய் விட்டுவிடும். வெயில் ஒரு பொழுதாவது விழட்டும். தொட்டியிலிருந்து ஏறிவரப் பலகை சாய்த்து வை. சுற்றி மறைப்பு முக்கியம், சாக்கோ தகரமோ எதையாவது கட்டு. பின்னால் நின்று செல்போனில் படம் பிடிக்காதே. யாராவது நடமாடினால் பாதிக் குழியில் எழுந்து போய்விடும்.

பசுமைராஜ்:
மாஸ்டர் சொல்வது சரிதான், ஆனால் பேசாமல் தண்ணீரிலேயே போடட்டுமே. என் மச்சான் வீட்டில் அப்படித்தான் போட்டது, காலையில் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக மிதந்தது, பாதியை அதுவே தின்றுவிட்டிருந்தது. ஆமைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கால்நடைமாணவி:
சிலது அப்படிக் கைவிட்டுவிடும், உண்மைதான். அது அந்த ஆமையின் அதிர்ஷ்டம். தண்ணீரில் நாலு போட்டுவிட்டு மீதியை உள்ளேயே வைத்துக்கொள்கிறவையும் உண்டு, வெளியே பார்க்கிறவர்கள் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள், இரண்டு மாதம் கழித்துத்தான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

ஊசியைப் பற்றி: அது ஆக்சிடோசின். கொடுப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுத்து முட்டையின் அளவு, வடிவம், வெளியேறும் வழி எல்லாம் பார்க்க வேண்டும். முட்டை பெரிதாகவோ உடைந்தோ இருக்கும்போது ஊசி போட்டால் உள்ளே கிழித்துவிடும். உடம்பில் கால்சியமும் தண்ணீரும் போதுமான அளவு இல்லாவிட்டால் ஊசி வேலையும் செய்யாது. எக்ஸ்ரே இப்போதே ஒன்று எடுத்துவிடுங்கள் அக்கா, நாய்க்கு எடுக்கிற இடத்தில் இதற்கும் எடுக்கலாம். ஆமையைப் படுக்க வைத்து மேலிருந்து ஒரு படம், அவ்வளவு போதும், முட்டை ஓடு கால்சியம் என்பதால் பளிச்சென்று தெரியும். மாவட்டத்தில் ஆமை பார்த்த அனுபவம் உள்ளவர் இல்லை என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம், ஆனால் அதுவரை போகத் தேவை இருக்காது என்று நினைக்கிறேன்.

பார்க்க வேண்டிய ஆபத்துக் குறிகளைச் சொல்லிவிடுகிறேன். ஓடித்திரிந்த ஆமை திடீரென்று அசையாமல் கண்ணை மூடிக்கிடப்பது, பின்னங்காலை இழுப்பது, வால் பக்கம் முக்கிக்கொண்டே இருந்தும் ஒன்றும் வராமல் போவது, ரத்தம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பாத்தி, மணல் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பிறாண்டிக்கொண்டு அடம்பிடிக்கிறவரை எனக்குக் கவலை இல்லை.

கடலூர்ச்செல்வம்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், என் சந்தேகம் வேறு, கேட்கவும் சங்கடமாக இருக்கிறது. என்னிடம் இருப்பது ஆண், வெளியே தொட்டியில்தான் இருக்கிறது. நேற்று வெயிலில் உட்கார்ந்திருந்தபோது வால் பக்கத்திலிருந்து கறுநீலமாகப் பெரிதாக ஒன்று வெளியே வந்தது, விரிந்த பூ போல. குடல் சரிந்துவிட்டது என்று அலறியடித்துக்கொண்டு தூக்கினேன், தூக்குவதற்குள் உள்ளே போய்விட்டது. என்ன அது?

தெம்பனிஸ்வாசி:
ஆணுறுப்பு தம்பி, குடல் இல்லை. ஆண் ஸ்லைடர் வைத்திருக்கிற எல்லாரும் ஒரு நாள் இந்தக் கேள்வியைக் கேட்டே தீருவார்கள். உடம்பை ஒப்பிட்டால் நம்ப முடியாத அளவு பெரிதாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் தானாக உள்ளே போய்விடும். உள்ளே போகாமல் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் அவசரம். அப்போது சுத்தமான ஈரத்துணியில் காயாமல் வைத்து, தொட்டியில் வேறு ஆமையோ மீனோ இருந்தால் கடிக்காமல் பிரித்துவிட்டு, உடனே மருத்துவர். நீங்களாகப் பிடித்து உள்ளே தள்ளாதீர்கள்.

இன்னொன்றும் பார்ப்பீர்கள், முன்னங்கால் இரண்டையும் முகத்துக்கு முன்னால் நீட்டி நகத்தை வெடவெடவென்று ஆட்டும். வலிப்பு இல்லை. பெண்ணை மயக்குகிற வேலை. பெண் இல்லாவிட்டால் இன்னொரு ஆணிடம், அதுவும் இல்லாவிட்டால் கண்ணாடியில் தெரிகிற தன் முகத்திடமே செய்யும். குட்டிகளும் செய்யும்.

கடலூர்ச்செல்வம்:
அப்பாடா. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இங்கே வந்து கேட்டது நல்லதாயிற்று.

குன்னூர்குளிர்:
எனக்கும் ஒன்று. எங்கள் ஊரில் மார்கழி, தையில் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போய்விடும். என் ஆமை அப்போது தொட்டி அடியில் கல் மாதிரி கிடந்தது, தீனியைத் தொடவில்லை, செத்தே போயிற்று என்று நினைத்தேன், வெயில் ஏறிய பிறகு மெல்ல அசைந்தது. இது அந்தக் குளிர்காலத் தூக்கம்தானா? அப்படியே விடலாமா? இப்போது நன்றாக இருக்கிறது, அடுத்த குளிருக்குத் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

டாலஸ்தமிழன்:
இங்கே நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை குட்டையின் அடியில் சேற்றில்தான் கிடக்கும். முழுத் தூக்கம் இல்லை. ஜனவரியில் நாலு நாள் வெயில் அடித்தால் ஏறி வந்து மரத்தில் உட்காரும், மறுபடி குளிர்ந்தால் கீழே போய்விடும், அந்த நாட்களில் இரை எடுக்காது. ஆனால் நான் பார்ப்பது பெரிய ஏரி, அடியில் தண்ணீரின் சூடு ராத்திரியும் பகலும் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் தொட்டி அப்படி இருக்குமா என்பது சந்தேகம்.

ஓய்வுமாஸ்டர்:
இருக்காது. முழங்கால் ஆழத் தொட்டி ராத்திரி 9, பகல் 22 என்று தினமும் ஆடும். தூங்கவும் விடாது, சாப்பிட்டதைச் செரிக்கவும் விடாது, நடுவில் நிற்கிற இந்த நிலைதான் சளி பிடிக்க வைக்கும். நீலகிரி, கொடைக்கானலில் இருப்பவர்கள் அந்த இரண்டு மாதம் உள்ளே எடுத்து ஹீட்டர் போட்டு வைப்பதுதான் நல்லது. முடியவில்லை என்றால் தண்ணீர் 15க்குக் கீழே இருக்கிற நாட்களில் தீனியே போடாதே, வயிற்றில் கிடந்து அழுகும். பெருச்சாளியைப் பார்த்துக்கொள், குளிரில் விறைத்துக் கிடக்கிற ஆமையின் காலைக் கடித்தாலும் அதனால் ஓட முடியாது.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை ஐப்பசி, கார்த்திகையில் சின்ன அளவில் நடக்கும். அடைமழை, வெயிலே இல்லை, ஆமை கல் மேல் ஏறாது, தீனி பாதியாகும். அதை நோய் என்று நினைத்து மருந்து தேட வேண்டாம். ஆனால் அந்த மாதங்களில்தான் ஓடு காயாமல் ஊறி வெள்ளை வெள்ளையாகப் பூத்து நாற்றம் அடிக்கும், அது அழுகல். கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசாகச் சில்லு சில்லாக உரிந்தால் அது வளர்ச்சி. முகர்ந்து பார்த்தாலே இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அரும்பாக்கம்அனு:
என் ஆமை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது, இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே. அடியில் போகப் பார்க்கிறது, முடியவில்லை. கழுத்தை நீட்டி வாயைத் திறக்கிறது. வீட்டில் எல்லோரும் விளையாடுகிறது என்கிறார்கள். ஆண்தான், அதனால் முட்டை இல்லை.

கால்நடைமாணவி:
விளையாட்டு இல்லை. இன்றைக்கே கொண்டுபோங்கள். ஒரு பக்க நுரையீரலில் சளி கட்டினால் அந்தப் பக்கம் கனத்துக் கீழே போகும், காற்றுள்ள பக்கம் மேலே வரும். வாயைத் திறந்து மூச்சு விடுவதோடு சேர்த்துப் பார்த்தால் நிமோனியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். வயிற்றில் வாயு சேர்ந்தாலும் சாயும், ஆனால் அதை நீங்கள் வீட்டில் இருந்துகொண்டு பிரித்துப் பார்க்க முடியாது. கொண்டுபோகிறவரை ஆழம் குறைந்த, மிதமான சூட்டில் இருக்கிற தண்ணீரில் வையுங்கள், கழுத்தை நீட்டினால் மூக்கு வெளியே வரவேண்டும். நமக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைக்கிற வழக்கம் இருக்கிறது, அது ஆமைக்குள் போகவே போகாது. ஊசிதான், அதையும் பெரும்பாலும் முன்னங்காலில்தான் போடுவார்கள்.

நிலாவேந்தன்:
எனக்கு நட்சத்திர ஆமை பற்றிக் கேட்க வேண்டும், ஊரிலிருந்து ஒருவர் கொடுத்தார்...

தெம்பனிஸ்வாசி:
அதை இங்கே கேட்காதீர்கள். நட்சத்திர ஆமை, வயல்களில் பிடிபடுகிற பால் ஆமை எல்லாம் இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். கோடையில் காணாமல் போய்விட்டது, மண்ணுக்குள் புதைந்துகொண்டது என்று பால் ஆமை பற்றி இங்கே அடிக்கடி கேட்கிறார்கள், காய்ந்த குளத்தில் சேற்றுக்குள் போய் மழை வரும்வரை கிடப்பது அதன் பிறவிக் குணம். அதைத் தொட்டியில் வைத்துக்கொண்டு கவலைப்படுவதற்குக் குளத்திலேயே விட்டுவைத்திருக்கலாம்.

வைகைக்கரை:
எக்ஸ்ரே எடுத்தாயிற்று. ஒன்பது முட்டை! மருத்துவர் இதுவரை ஆமைக்கு எடுத்ததில்லை என்று அவரும் போனில் படம் பிடித்துக்கொண்டார். அளவு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, இடம் ஏற்படுத்திக் கொடுத்துக் காத்திருங்கள் என்றுதான் அவரும் சொன்னார். மாஸ்டர் சொன்ன மாதிரி பாத்தி கட்டி, பழைய தார்ப்பாயால் மறைத்து, பலகை வைத்தோம். முதல் நாள் ஏறி வந்து சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டது. அப்புறம் இரண்டு குழி தோண்டிப் பாதியில் விட்டது. நேற்று விடியற்காலையில் வீட்டுக்காரர் பால் வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறார், பின்பக்கம் குழிக்குள், தலை மேலே, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. எட்டு மணிக்கு நான் போனபோது மண் மூடி வழித்துவிட்டது போல் இருந்தது, ஆமை தண்ணீரில். கல் மேல் ஏறி அரை மணி நேரம் காய்ந்துவிட்டு தீனி கேட்டது.

தோண்டி எண்ணினேன், ஒன்பதும் இருக்கிறது. இனி இதை என்ன செய்வது? தம்பி பொரிக்க வைக்கலாம் என்கிறான்.

ஓய்வுமாஸ்டர்:
நல்ல செய்தி. ஆண் வாசமே படாத ஆமை என்றால் பொரிக்காது, வைத்துக்கொண்டு நாள் எண்ண வேண்டாம். குப்பையில் போடலாம், செடிக்கு அடியில் ஆழமாகப் புதைக்கலாம்.

தெம்பனிஸ்வாசி:
பொரித்தாலும் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். வளர்ந்து முப்பது வருஷம் இருக்கிற பிராணி, வாங்க ஆள் இல்லை, கடைசியில் கோயில் குளத்திலோ ஏரியிலோ போய் விழும். உலகின் மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன் போட்ட பட்டியலில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இறக்குமதியை நிறுத்திவிட்டது. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் கால்வாயில் பிடிபட்டபிறகு அங்கே வன ஆராய்ச்சி நிறுவனமே மக்களிடமிருந்து வாங்கிச் சேர்த்தது. சிங்கப்பூரில் சட்டப்படி வளர்க்க அனுமதி உள்ள ஆமை இரண்டே இரண்டு, அதில் இது ஒன்று, அதனால் அலுத்துப்போனவர்களும் அதிகம். புத்தர் பிறந்தநாளான வெசாக் தினம் வந்தால் புண்ணியம் என்று நீர்த்தேக்கத்தில் விட வருகிறவர்களிடம் பேசித் திருப்பி அனுப்பவே தொண்டூழியர்கள் நிற்கிறார்கள். விட்ட ஆமை பிழைத்தால் அங்கே இருக்கிற ஆமையின் இரையையும் வெயில் காய்கிற கல்லையும் பிடுங்கிக்கொள்ளும்.

கால்நடைமாணவி:
அக்கா, பாத்தியைப் பிரித்துவிடாதீர்கள். ஒரே பருவத்தில் இரண்டாவது, மூன்றாவது தடவையும் போடும், மூன்று நாலு வாரத்தில் மறுபடி பிறாண்டல் ஆரம்பிக்கலாம். அதற்குள் கால்சியம் ஏற்றுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கிடைக்கும், கணவாய் ஓடுதான் அது, ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும். கோழிக்கறி மட்டும் போட்டு வளர்ப்பதாக இருந்தால் நிறுத்துங்கள், எலும்பில்லாத கறியில் கால்சியம் மிகக் குறைவு. முட்டையையும் மண்ணையும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஆமைகளிடம் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா இருக்கும், ஆமைக்கு ஒன்றும் செய்யாது, குழந்தைகளுக்குச் செய்யும். அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குச் சிறிய ஆமையை விற்கக் கூடாது என்று 1975இல் தடை போட்டதே குட்டி ஆமையைக் குழந்தைகள் வாயில் வைத்ததால்தான்.

வைகைக்கரை:
சரி, பாத்தி அப்படியே இருக்கட்டும். நாட்டு மருந்துக் கடைக்கு நாளை போகிறேன். எல்லோருக்கும் ரொம்ப நன்றி, மாஸ்டர் ஐயாவுக்குக் கூடுதலாக.

அரும்பாக்கம்அனு:
நானும் சொல்லிவிடுகிறேன். கொண்டுபோய்க் காட்டினோம், நுரையீரல் சளிதான். மூன்று நாளுக்கு ஒரு ஊசி, இரண்டு போட்டாயிற்று, சாய்வு குறைந்திருக்கிறது, வாய் திறப்பது நின்றுவிட்டது. இன்னும் சாப்பிடவில்லை. ஊசி நாட்களில் வெளியே தொட்டியில் விடலாமா, உள்ளேயே வைக்கவா?

கால்நடைமாணவி:
உள்ளேயே. தண்ணீர் 28க்குக் குறையாமல் இருக்கட்டும், சூடு குறைந்தால் மருந்தும் மந்தமாகத்தான் வேலை செய்யும். காலை வெயிலில் ஒரு அரை மணி நேரம் கூடவே நின்று காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், தனியாக விட்டுவிட்டு வராதீர்கள், காக்கை வரும். ஊசி முழுவதும் முடியும் வரை நிறுத்தாதீர்கள், நடுவில் சாப்பிட ஆரம்பித்தாலும்.